கிறீன் ரீயும் வெறுந்தேத்தண்ணியும்

திருகோணமலை மாவட்டத்தில் தேயிலைத் தோட்டம் இல்லை; ஆனால் தேத்தண்ணி ஊற்றாத வீடும் இல்லை. விடியப்புறம் துறைமுக வேலைக்குப் போகிறவரும், வலை இழுத்துவிட்டுக் கரையேறுகிற நிலாவெளி மீனவரும், கிண்ணியாவில் இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்ரீயோடு கடை வாசலில் நிற்பவரும் குடிப்பது மலைநாட்டிலிருந்து வந்த கறுப்புத் தேயிலையைத்தான். அந்தப் பழக்கத்துக்குப் பக்கத்தில் இப்போது கிறீன் ரீயும் வந்து நிற்கிறது. உடம்பு மெலியும், கொலஸ்ட்ரோல் இறங்கும், சீனி வியாதி கட்டுப்படும், புற்றுநோய் அண்டாது என்று அதைப்பற்றி ஆளாளுக்குச் சொல்கிறார்கள். ஆராய்ச்சிகளைப் பொறுமையாகப் பார்த்தால் இதில் கொஞ்சம் உண்மை உண்டு. அந்த உண்மையின் பெரும்பங்கு நாம் ஏற்கெனவே குடிக்கிற வெறுந்தேத்தண்ணிக்கும் பொருந்தும் என்பதே என் வாதம். இலையின் நிறத்தைவிட, அதற்குள் எத்தனை கரண்டி சீனி விழுகிறது, எந்தச் சாப்பாட்டோடு குடிக்கிறோம், எந்தத் தண்ணீரில் ஊற்றுகிறோம் என்பவைதான் இந்த மாவட்டத்து மனிதரின் உடம்பில் கூடுதலாக வேலை செய்கின்றன.

பச்சைத் தேயிலை தனிச் செடி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1867இல் தோட்டக்காரர் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்டதும், இன்று தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஆராய்வதும் ஒரே இனத்துச் செடிதான். கொழுந்தைப் பறித்து வாடவிட்டு, உருட்டிக் கசக்கி, காற்றுப்படப் புளிக்கவைத்து உலர்த்தினால் கறுப்புத் தேயிலை. பறித்த கையோடு ஆவியிலோ சூடான தட்டிலோ காட்டி, புளிக்கவிடாமல் நிறுத்தினால் பச்சைத் தேயிலை. கொழுந்தில் இயற்கையாக இருக்கும் கட்டெச்சின் எனும் துவர்ப்புப் பொருள்கள் பச்சையில் பெரும்பாலும் அப்படியே தங்குகின்றன. கறுப்பில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து, கோப்பைக்குச் செம்மை தரும் தியாபிளேவின் முதலிய வேறு பொருள்களாகின்றன. ஆகவே கட்டெச்சின் அளவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு என்பது மெய். ஆனால் கட்டெச்சின் மட்டுமே நன்மை செய்கிறது, மாறிய பொருள்கள் வெறும் சாயம் என்று யாரும் நிறுவிவிடவில்லை. விளம்பரங்கள் இந்த இடத்தைத்தான் மெல்லத் தாண்டிப்போகின்றன.

கிறீன் ரீக்குச் சார்பாகச் சொல்லப்படும் சான்றுகளில் மிகக் கனமானது யப்பானின் மியாகி மாகாணத்தில் ஒசாக்கி என்ற இடத்தில் நடந்த ஆய்வு. 40 முதல் 79 வயதுக்குட்பட்ட 40,530 பேரை 11 வருடம் வரை பின்தொடர்ந்து, 2006இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் அதன் முடிவை வெளியிட்டார்கள். நாளுக்கு ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ பச்சைத் தேநீர் குடித்தவர்களில், ஒரு கோப்பைகூடக் குடிக்காதவர்களைவிட, எல்லாக் காரணங்களாலுமான இறப்பு 16 சதவீதமும் இதயம், குருதிக்குழாய் நோய்களால் வந்த இறப்பு 26 சதவீதமும் குறைவு. ஆண்களைவிடப் பெண்களில் இந்த வேறுபாடு தெளிவாக இருந்தது. ஆனால் அதே ஆய்வு புற்றுநோய் இறப்பில் எந்தக் குறைவையும் காணவில்லை. கிறீன் ரீயின் புகழ் பாடும்போது முதற் பாதியைச் சொல்பவர்கள் இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள். இன்னொன்றும் உண்டு. ஒசாக்கியில் பச்சைத் தேநீர் அன்றாடப் பானம். அதைச் சீனியில்லாமல், மீனும் சோயாவும் கடற்பாசியும் உள்ள சாப்பாட்டுக்கு நடுவே குடிக்கிறார்கள். நன்மையில் எவ்வளவு கோப்பைக்குச் சொந்தம், எவ்வளவு அந்த வாழ்க்கை முறைக்குச் சொந்தம் என்று இப்படிப்பட்ட பின்தொடர் ஆய்வால் முழுதாகப் பிரித்துக் காட்ட முடியாது.

கறுப்புத் தேயிலை குடிக்கும் நாட்டில் இதே கேள்வியைக் கேட்டால் என்ன பதில் வரும்? பிரித்தானியாவில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரின் தரவை வைத்து 2022இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அங்கே தேநீர் குடித்தவர்களில் 89 சதவீதத்தினர் குடித்தது கறுப்புத் தேயிலை. நாளுக்கு இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களில் இறப்பு வீதம் 9 முதல் 13 சதவீதம் குறைவாக இருந்தது. யப்பானியக் கணக்கும் இந்தக் கணக்கும் ஒரே தராசில் வைக்கக்கூடியவை அல்ல. ஆனாலும் அவை ஒரே திசையைக் காட்டுகின்றன. நன்மை உண்டென்றால் அது செடிக்குரியது, பச்சை நிறத்துக்கு மட்டும் உரியதல்ல என்று கொள்ள இது போதிய நியாயம். பச்சைக்குச் சற்றுக் கூடுதல் புள்ளி கொடுக்கவேண்டிய இடமும் இருக்கிறது. பின்தொடர் ஆய்வுகளாக இல்லாமல், ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனைகளைத் திரட்டிப் பார்த்த கொக்ரேன் என்ற ஆய்வு அமைப்பின் 2013ஆம் ஆண்டு மதிப்பீட்டில், பச்சைத் தேநீர் கெட்ட கொலஸ்ட்ரோலையும் குருதியமுக்கத்தையும் சிறிதளவு குறைத்தது. குருதியமுக்கத்தில் அது மூன்று புள்ளி அளவு. சோதனைகள் சில, காலமும் குறுகியது. மருந்தை நிறுத்திவிட்டு கிறீன் ரீக்கு மாறுவதற்கு இது எந்த வகையிலும் காரணம் ஆகாது.

மெலிவது பற்றிய நம்பிக்கையைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். 2012இல் வந்த இன்னொரு கொக்ரேன் மதிப்பீட்டில், யப்பானுக்கு வெளியே நடந்த ஆறு சோதனைகளின் சராசரி எடைக் குறைவு 0.04 கிலோகிராம், அதாவது 40 கிராம். ஒரு கோப்பை தண்ணீர் குடித்தால் ஏறும் எடை இதைவிட அதிகம். புற்றுநோயைப் பொறுத்தவரை, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்திடம் பச்சைத் தேநீர்ப் பொதிகளில் புற்றுநோய்த் தடுப்பு வாசகம் போட அனுமதி கேட்டபோது, மார்புப் புற்றுநோயையோ புரோஸ்டேற் புற்றுநோயையோ அது குறைப்பதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று அந்த நிர்வாகம் 2005இல் பதில் சொன்னது. 2020இல் 142 ஆய்வுகளையும் பதினொரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்களையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் முடிவு ஒன்றுக்கொன்று முரணாகவே இருந்தது.

இவ்வளவையும் கேட்டபிறகு வரும் முதல் ஆட்சேபம் நியாயமானது. பிரித்தானிய ஆய்வில் பால், சீனி சேர்த்தவர்களிலும் நன்மை மறையவில்லையே, பிறகேன் சீனியைக் குறைசொல்ல வேண்டும்? நம் கடைக் கோப்பையை அந்த ஆய்வில் வந்த கோப்பையாக எண்ணுவது தவறு என்பதே பதில். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வகுத்த வழிகாட்டலில், நாளொன்றுக்குச் சேர்க்கும் சீனி 25 கிராமுக்குள், ஏறக்குறைய ஆறு தேக்கரண்டிக்குள் இருப்பது மேல் என்கிறது. கோப்பைக்கு மூன்று கரண்டி போட்டு மூன்று தடவை குடிப்பவர் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார். பணிஸும் கேக்கும் சேராத கணக்கு இது. 2016 ஓகஸ்ட்டிலிருந்து இலங்கையில் போத்தல் பானங்களில் நிறக் குறி போடவேண்டும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. சிறு கோப்பையில் மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன்ரீயை அந்த அளவுகோலில் வைத்தால் அதுவும் சிவப்புத்தான். கோப்பைக்கு மட்டும் லேபல் ஒட்டுவாரில்லை. இலங்கையில் நீரிழிவு எவ்வளவு பரவியிருக்கிறது என்று 2005, 2006இல் பெரிய அளவில் கணக்கெடுத்தபோது 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 சதவீதத்தினருக்கு நோய் இருந்தது. யுத்தம் நடந்த காலம் என்பதால் வடக்கும் கிழக்கும் அந்தக் கணக்கிலேயே இல்லை. அதைக்கொண்டு திருகோணமலைக்காரர் நிம்மதிகொள்ள ஒன்றுமில்லை. பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிக்கிற நம் பழைய பழக்கத்தில், இனிப்பு எவ்வளவு போகிறது என்பதாவது நாக்குக்குத் தெரியும். கரைத்துக் குடிக்கும்போது அது தெரிவதில்லை.

சீனியை அடுத்து, ஆனால் பலரும் யோசிக்காமல் விடுவது, சாப்பாட்டோடு குடிப்பது. சீனக்குடாவில் 1980 முதல் இயங்கும் பிறிமா ஆலையில் அரைத்த மா நாடெங்கும் பாணாகிறது. பாணும் பருப்பும், கையில் ஒரு தேத்தண்ணியும் என்பது பல வீடுகளின் காலைச் சாப்பாடு. பருப்பிலும் கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பு, இறைச்சியிலும் மீனிலும் உள்ள ஹீம் இரும்பைப்போல எளிதில் உடம்பில் சேராது. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் குடலில் அதைப் பிடித்துக்கொண்டால் சேர்வது இன்னும் குறையும். இதில் பச்சைக்கும் விலக்கில்லை. கட்டெச்சின்களும் இரும்பைப் பிடிப்பவைதான். உணவோடு கறுப்புத் தேநீர் குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது பாதிக்கு மேல் குறையக்கூடும் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. 2017இல் பிரித்தானியாவில் இளம் பெண்களை வைத்துச் செய்த ஒரு சிறு ஆய்வில், உணவோடு சேர்த்துக் குடித்தபோது உறிஞ்சல் 37 சதவீதம் குறைந்தது. ஒரு மணிநேரம் கழித்துக் குடித்தபோது குறைவு 18 சதவீதமாகப் பாதியானது. துறைமுகத்து மீன் நித்தம் சட்டியில் விழுகிற வீட்டில் இது பெரிய பிரச்சினை ஆகாமலிருக்கலாம். மீன் விலை ஏறி, பாணும் சம்பலுமாக நாள் போகிற வீட்டில், அதுவும் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்கும் பூப்படைந்த பெண்பிள்ளைக்கும், இது சின்னச் சங்கதி அல்ல. கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்குவது அந்தக் குளிசையின் பலனில் பெரும்பகுதியை வீணாக்குவதாகும். மருத்துவத்தில் இதைத் திருப்பியும் பயன்படுத்துகிறார்கள் என்பது சுவையான செய்தி: உடம்பில் இரும்பு அளவுமீறிச் சேரும் பரம்பரை நோயாளிகள் சிலருக்குச் சாப்பாட்டோடு தேநீர் குடிக்கக் கொடுத்துப் பார்த்ததில், இரும்பு சேரும் வேகம் குறைந்தது. விஷயத்துக்கு விஷயம், ஆளுக்கு ஆள் பலன் மாறும் பானம் இது.

தண்ணீரைப் பற்றியும் பேசவேண்டும். நகரத்துக்குக் குழாய் வழியே கந்தளாய்க் குளத்து நீர் வருகிறது. ஆனால் மாவட்டத்தின் உட்பகுதியில், பதவிசிறிபுர, கோமரங்கடவல போன்ற இடங்களில், கிணற்றையும் குழாய்க்கிணற்றையும் நம்பியிருந்த வறண்ட வலயத்து மக்கள் ஏராளம். வறண்ட வலயத்தின் நிலத்தடி நீரில் புளோரைட் கூடுதல் என்பதைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பதிவுசெய்தார்கள். தேயிலைச் செடி மண்ணிலுள்ள புளோரைட்டை இலையில் சேர்த்துவைக்கும் இயல்புடையது. முற்றிய இலையில் கொழுந்தைவிட அதிகம். அதனால் மலிவான, முற்றிய இலை கலந்த தேயிலையை ஊற்றும்போது கோப்பையில் ஒரு லீற்றருக்கு ஒரு மில்லிகிராமோ அதைவிட அதிகமோ புளோரைட் இறங்கலாம். கிணற்று நீரிலும் ஏற்கெனவே அது இருந்தால் இரண்டும் கூடும். கொதிக்கவைத்தால் புளோரைட் போகாது, தண்ணீர் வற்றும் அளவுக்குச் செறிவதுதான் நடக்கும். குழந்தைப் பருவத்தில் பல்லில் வரும் கறையும் பிற்காலத்தில் எலும்பில் வரும் கோளாறும் அளவுமீறிய புளோரைட்டால் வருபவை. 1990களில் வடமத்திய மாகாணத்தில் அடையாளம் காணப்பட்ட, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பதவிசிறிபுரவிலும் மக்களை வாட்டுகிறது. அந்த நோய்க்குத் தேநீர்தான் காரணம் என்று சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது, அப்படிச் சொல்பவரையும் நம்பவேண்டாம். ஆனால் அங்கே வாழ்பவருக்கு எந்தத் தேயிலை என்ற கேள்வியைவிட, கேத்தலில் எந்தத் தண்ணீரை ஊற்றுகிறோம் என்பது நூறு மடங்கு முக்கியம். சுத்திகரித்த தண்ணீரைக் குடிப்பதற்கு மட்டும் வைத்துவிட்டுத் தேத்தண்ணிக்குக் கிணற்று நீரைப் பாவிக்கிற வீடு, செய்த செலவின் பாதியைக் கைவிட்டதாகும்.

கோப்பையைத் தாண்டிக் குளிசைக்கு வந்தால் பேச்சின் தொனியே மாறவேண்டும். இயற்கையானது எப்படிக் கெடுதல் செய்யும் என்பது இரண்டாவது ஆட்சேபம். பதில் அளவில் இருக்கிறது. மெலிவதற்கு என்று விற்கப்படும் செறிவான பச்சைத் தேயிலைச் சாறு அடங்கிய குளிசைகள், பல கோப்பைகளின் கட்டெச்சினை ஒரே தடவையில், பெரும்பாலும் வெறும் வயிற்றில், ஈரலுக்குக் கொண்டுபோகின்றன. எக்சோலிஸ் என்ற அத்தகைய ஒரு மருந்து 2003இல் பிரான்சிலும் ஸ்பெயினிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. 2009இல் ஹைட்ரொக்சிகட் என்ற மெலிவுத் தயாரிப்புகளை நிறுத்துமாறு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ஈரல் பாதிப்பு பற்றி 23 முறைப்பாடுகள் வந்திருந்தன, ஒருவர் இறந்துமிருந்தார். அவற்றில் சில தயாரிப்புகளில் பச்சைத் தேயிலைச் சாறும் இருந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் மதிப்பிட்டு, குளிசையாக நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இ.ஜி.சி.ஜி. என்ற முக்கிய கட்டெச்சினை எடுத்தால் ஈரல் பாதிப்பின் அறிகுறிகள் குருதிப் பரிசோதனையில் தெரியத் தொடங்குகின்றன என்றது. கோப்பையில் குடிப்பவர்களுக்குச் சராசரியாகக் கிடைப்பது 90 முதல் 300 மில்லிகிராம். மிக அதிகம் குடிப்பவர்கள் 800ஐத் தாண்டுவதுமுண்டு. ஆனாலும் நாள் முழுக்கப் பரவி, சாப்பாட்டோடு சேர்ந்து உள்ளே போவதால் அதே ஆபத்து தென்படவில்லை. 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இப்படிப் பாதிக்கப்படுபவர்களில் ஒரு குறிப்பிட்ட மரபணு வகை மற்றவர்களைவிட மிக அதிகமாகக் காணப்படுவதைக் காட்டியது. ஆருக்கு அந்த மரபணு இருக்கிறதென்று கடைக்காரருக்குத் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. சாயம் போட்ட விளம்பரத்தில் அது வரவும் வராது.

மருந்தோடு மோதுவதும் உண்மையானதே. குருதியமுக்கத்துக்குப் பாவிக்கும் நடோலோல் என்ற மருந்தை எடுத்தவர்களுக்கு, 14 நாட்கள் நாளுக்கு 700 மில்லிலீற்றர் பச்சைத் தேநீர் கொடுத்துப் பார்த்த யப்பானிய ஆய்வில், குருதியில் மருந்தின் அளவு சுமார் 85 சதவீதம் குறைந்தது. பன்முக எலும்பு மச்சைப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் போர்டிசோமிப் என்ற மருந்தின் வேலையை இ.ஜி.சி.ஜி. ஆய்வுகூடத்தில் முடக்கியது. போலிக் அமிலம் உறிஞ்சப்படுவதையும் குறைப்பதாகக் கண்டிருக்கிறார்கள். இதுவும் கர்ப்பிணிப் பெண்களைத்தான் அதிகம் தொடும். தேநீரில் கபேனும் உண்டு. ஒரு கோப்பையில் சுமார் 30 முதல் 50 மில்லிகிராம். கர்ப்பிணிகள் நாளுக்கு 300ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரவு கடலுக்குப் போகிறவர் கண்ணை விழிக்கவைக்கத் தேத்தண்ணி குடிப்பதில் ஞாயம் உண்டு. நித்திரை இல்லாமல் தவிக்கும் வயோதிபர் அந்திக்குப் பின் பச்சையானாலும் கறுப்பானாலும் குடிப்பதில் ஞாயம் இல்லை. இந்த வெயிலில் தேத்தண்ணி உடம்பிலிருந்து தண்ணியை இறக்கிவிடும் என்பதும் ஒரு பயம். நாளுக்கு நாலோ ஆறோ கோப்பை கறுப்புத் தேநீரைத் தண்ணீரோடு ஒப்பிட்ட சோதனையில் இரண்டும் உடம்பின் நீர்ச்சமநிலையை ஒரே மாதிரித்தான் வைத்திருந்தன. கடலில் நிற்பவருக்குத் தேத்தண்ணியும் தண்ணியாகவே கணக்கு. உப்போடு வெளியேறும் வியர்வைக்கு மட்டும் கஞ்சியோ இளநீரோ தேவைப்படும்.

கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பழக்கத்தைச் சொல்லாமல் விடமுடியாது. 65 பாகை செல்சியசுக்கு மேல் சூடான பானங்கள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று புற்றுநோய்க்கான பன்னாட்டு ஆய்வு முகவரகம் 2016இல் வகைப்படுத்தியது. ஈரானின் கோலெஸ்தான் மாகாணத்தில் சுமார் 50,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், 60 பாகைக்கு மேல் சூட்டில் நாளுக்கு 700 மில்லிலீற்றருக்கு மேல் தேநீர் குடித்தவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து 90 சதவீதம் அதிகம். இந்தக் குற்றம் தேயிலையுடையதல்ல, சூட்டினுடையது. நம் தேத்தண்ணிக் கடைக்காரர் ஒரு கோப்பையிலிருந்து மறு கோப்பைக்கு உயர்த்தி ஆற்றும்போது நுரையைத் தருவதோடு இந்த ஆபத்தையும் குறைத்துவிடுகிறார். வெற்றிலையும் புகையிலையும் வாயில் வைத்துக்கொள்பவர் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதையும் சேர்த்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

அப்படியானால் கிறீன் ரீயை வாங்குவதே வீணா என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்தவரை அதன் மெய்யான ஆரோக்கியப் பலன் ஒன்று உண்டு: அதன் கசப்புத் துவர்ப்புக்குப் பாலும் சீனியும் ஒத்துப்போகாததால் பெரும்பாலோர் அதைச் சேர்ப்பதில்லை. மூன்று கரண்டி சீனிப் பிளேன்ரீயிலிருந்து சீனியில்லாக் கிறீன் ரீக்கு மாறியவருடைய உடம்பு தேறியிருந்தால், அதற்குக் காரணம் தேடிக் கட்டெச்சின்வரை போகவேண்டியதில்லை. அதே மனிதர் கறுப்பைச் சீனியில்லாமல், சாப்பாட்டுக்கு ஒரு மணிநேரம் தள்ளிக் குடித்திருந்தாலும் பலனில் பெரும்பகுதி கிடைத்திருக்கும், செலவும் குறைவாக. பச்சையின் சுவை பிடித்தவர் குடிக்கட்டும். கொதித்த தண்ணீரை 80 பாகை அளவுக்கு ஆறவிட்டு இரண்டு மூன்று நிமிடம் மட்டும் ஊறவிட்டால் நாக்கைப் பிடிக்கும் கசப்பு வராது. கொதிக்கும் தண்ணீரை அப்படியே ஊற்றிக் கசக்கவைத்து, பிறகு அதைப் போக்கத் தேனையோ சீனியையோ விடுவது, வாங்கியதற்கான காரணத்தையே அழித்துவிடும். கடையில் போத்தலில் அடைத்து எலுமிச்சை மணத்தோடு விற்கும் இனிப்புக் கிறீன் ரீயை எடுப்பவர் முன்பக்கத்தில் இருக்கும் பச்சை இலைப் படத்தைப் பார்ப்பதைவிட, அதே போத்தலில் சட்டப்படி ஒட்டியிருக்கும் சீனிக் குறியின் நிறத்தைப் பார்ப்பது பயன்.